இரண்டாவது வயர்

மலேசியாவின் தங்காக்கில் முப்பத்தோரு ஆண்டுகள் தொலைக்காட்சிப் பெட்டி பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். என் மாமா, அக்காவின் கணவர், தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை தொலைக்காட்சியில் வந்தார். அதைப் பதிவு செய்து வைக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். பதிவு கெட்டது. கெட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும், கையில் ரிமோட் இருந்தும், நான் ஒரு பொத்தானை அழுத்தவில்லை. பிறகு மழை பெய்தது என்று பொய் சொன்னேன்.

நடந்தது 2011 அக்டோபரில். சுருக்கமாகச் சொன்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்ள இடம் கிடைத்துவிடும். அதனால் எல்லாவற்றையும் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

முதலில் என் கர்வம். அதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

1983இல் துணிக்கடைகளுக்குப் பின்புறத் தெருவில் கடை திறந்தேன். தங்காக் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் துணிதான் நினைவுக்கு வரும். பெருநாள் நெருங்கினால் மலாக்காவிலிருந்தும் சிகாமட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். என் கடைக்கு வருபவர்கள் படம் வராத பெட்டியைச் சுமந்துகொண்டு வருவார்கள். அந்தக் காலத்தில் ஊரிலிருந்த ஏரியல் எல்லாம் லேடாங் மலையைப் பார்த்து நிற்கும். மலைமேல் உள்ள கோபுரத்திலிருந்துதான் அலை வந்தது. தோட்டத்து லயங்களில் கூரைமேல் ஏறி, கம்பத்தைத் திருப்பித் திருப்பி, "வருதா? இப்ப வருதா?" என்று கீழே நிற்பவர்களிடம் கத்திக் கத்தி ஏரியல் கட்டியவன் நான். வீடியோ கேசட் காலம் வந்தபோது அரசுத் தொலைக்காட்சி ஆர்.டி.எம். போடும் தமிழ்ப் படத்தை நேரம் வைத்துப் பதிவு செய்யப் பல வீடுகளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். டிவி என்றால் என்னைக் கேட்டால் போதும் என்று ஊர் சொன்னது. அந்தச் சொல் என்னைக் கெடுத்தது.

1996 ஜனவரியில், தென் அமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து ஏரியான் ராக்கெட் மியாசாட்-1 துணைக்கோளை ஏற்றிச் சென்றது. அதே ஆண்டு ஆஸ்ட்ரோ என்ற துணைக்கோள் தொலைக்காட்சி வந்தது. வாரத்தில் சில மணி நேரத் தமிழுக்குக் காத்திருந்த வீடுகளுக்கு வானவில் என்று தனித் தமிழ் அலைவரிசையே வந்தது. ஏரியல் மலையைப் பார்த்தது. ஆஸ்ட்ரோவின் தட்டு மலைக்கு முதுகைக் காட்டியது. துணைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நின்றது. தங்காக் இருப்பது 102.5 பாகையில். ஆகவே தட்டை மேற்கே திருப்பி, ஏறக்குறைய உச்சி வானத்தைப் பார்க்கும்படி நிமிர்த்த வேண்டும். 77 பாகை. யாரும் சொல்லித் தராமல் காகிதத்தில் கணக்குப் போட்டு இதைக் கண்டுபிடித்தேன். காற்றில் திரும்பிப்போன தட்டுகள் சிலவற்றை நானே நேர்ப்படுத்தினேன். இந்தத் தொழிலையும் கற்றுவிட்டதாக நினைத்தேன். தட்டைத் திருப்ப மட்டுமே கற்றிருந்தேன்.

2010இல் ஆஸ்ட்ரோவின் பதிவு செய்யும் புதுப் பெட்டி வந்தது. உள்ளேயே ஹார்ட் டிஸ்க். கேசட் தேவையில்லை. ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யலாம். மறு ஆண்டு செப்டம்பரில் அக்காவை வாங்க வைத்தேன். மாமாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பக்கத்து நகரமான மூவாரில் இரத்தச் சுத்திகரிப்பு. களைத்து வீடு திரும்பும்போது அவர் பார்க்கும் நாடகம் முடிந்திருக்கும். "மாமாவுக்காக வாங்குக்கா" என்றேன்.

அது பாதிதான் உண்மை. என் கடை வருமானம் இறங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டில் விளையாட்டுச் சேனல்களை மனைவி நிறுத்திவிட்டாள். அவள் செய்தது சரி. அக்கா வீட்டில் புதுப் பெட்டி இருந்தால் சனிக்கிழமை இரவு அங்கே போய்ப் பந்து பார்க்கலாம். இந்த எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது. மாமாவின் நாடகம் அதற்குப் பிறகு வந்தது. அக்கா துணிக்கடைகளுக்கு பாஜு குரோங் தைத்துக் கொடுத்துச் சேர்த்த பணம் அது. விளையாட்டுச் சேனல்களையும் சேர்க்கச் சொன்னது நான்தான். அந்த வீட்டில் பந்து பார்ப்பவர் யாரும் இல்லை.

இன்னொன்றையும் மறைத்தேன். இந்தப் பெட்டியில் பதிவாவது பெட்டிக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டினாலும் படம் வராது. பெட்டி செத்தால் பதிவும் செத்தது. "கேசட்டு மாதிரி எடுத்துப் பத்திரமா வச்சுக்கலாமாடா?" என்று அக்கா கேட்டாள். "கேசட்ட விடப் படம் தெளிவா இருக்கும்க்கா" என்றேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. தெரிந்துதான் சொன்னேன்.

பெட்டியை மாட்ட வந்தவனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். மரியாதை தெரிந்த பையன். கூரையைப் பார்த்தான், பழைய வயரைப் பார்த்தான். "அங்கிள், எல்.என்.பி. மாத்தணும். இன்னொரு வயர் இழுக்கணும்" என்றான்.

அவன் சொன்னதற்குக் காரணம் இது. பெட்டிக்குள் இரண்டு டியூனர் இருக்கின்றன. ஒன்று பார்ப்பதற்கு, ஒன்று பதிவுக்கு. தட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.க்கு டியூனர்தான் வயர் வழியாகக் கட்டளை அனுப்புகிறது. 13 வோல்ட் போனால் செங்குத்து அலைகளைப் பிடித்துத் தரும். 18 வோல்ட் போனால் கிடை அலைகளைத் தரும். மேல் பட்டை வேண்டுமென்றால் அதோடு 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பும் போக வேண்டும். ஒரு வயரில் ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான் போகும். இரண்டு டியூனரும் வெவ்வேறு கட்டளை கேட்டால் ஒன்றுக்குக் கிடைக்கும், மற்றது பட்டினி. ஆகவே இரண்டு டியூனருக்கு இரண்டு வயர். ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்ளக்கூடிய விஷயம்.

அவன் விளக்கத் தொடங்கினான். நான் முடிக்க விடவில்லை. அக்கா, மாமா, பக்கத்து வீட்டு அம்மா மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு சின்னப் பையன் எனக்குப் பாடம் எடுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இந்த ஊர்ல ஏரியல் கட்டினவன்டா நான்" என்றேன். சீலிங்கில் ஓட்டை போடக்கூடாது, இப்போதுதான் சாயம் அடித்தது என்றேன். சாயம் அடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பையன் அக்காவைப் பார்த்தான். அக்கா, "தம்பி சொல்றபடியே செஞ்சிருங்க" என்றாள்.

அவன் ஒரு வயரை மட்டும் மாட்டினான். "பதிவாகும்போது சேனல் மாத்தாதீங்க அங்கிள். ரெண்டாவது வயர் வேணும்னா கூப்பிடுங்க, வந்து இழுத்துத் தர்றேன்" என்று தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். சட்டைப் பையில் வைத்தேன். எடுத்துப் பார்க்கவே இல்லை. அவன்மேல் எள்ளளவும் தவறில்லை. அதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

மறுநாள் மூவாருக்குப் போய் ஐந்து ரிங்கிட்டுக்கு ஒரு ஸ்பிளிட்டர் வாங்கி வந்தேன். ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் சின்ன உலோகத் துண்டு. ஏரியலுக்கு அது போதும், ஏரியல் கட்டளை கேட்பதில்லை. அதே புத்தியோடு இங்கேயும் மாட்டினேன். இரண்டு மூன்று சேனல் போட்டுப் பார்த்தேன், வந்தன. நான் போட்டவை எல்லாம் தற்செயலாக ஒரே கட்டளையில் வருபவை. வாடிக்கையாளர் பெட்டியை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்க்காமல் நான் திருப்பிக் கொடுத்ததில்லை. அக்கா வீட்டில் பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டேன். "பாத்தியாக்கா, ரெண்டு வயராம்" என்றேன். மாமா சிரித்தார். என்னை நம்பிச் சிரித்த சிரிப்பு.

அடுத்த வாரமே ஒரு நாடகம் பாதியில் கறுப்பாகியிருந்தது. "மழையா இருக்கும்" என்றேன். எனக்குச் சந்தேகம் வந்தது. தள்ளிவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் பழைய தோட்டங்களைப் பற்றி ஒரு தமிழ் நிகழ்ச்சிக்காகப் படம் பிடிப்பவர்கள் வந்தார்கள். மாமா நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்றவர். தம் நெரையில் எந்த மரம் அதிகம் பால் விடும், எது மழைநாளில் கெடும் என்று மரம் மரமாகச் சொல்வார். பால் வடியும் மங்கு கவிழ்ந்து கிடந்தால் அடுத்தவர் நெரையாக இருந்தாலும் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் நடப்பார். அந்த ரப்பர் மரங்களை எப்போதோ சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுவிட்டார்கள். செம்பனைக்கு நடுவே மாமாவை நிற்கவைத்து அரைநாள் பேசவைத்தார்கள். வீட்டுக்கு வந்து, "என்னென்னமோ கேட்டாங்க, எல்லாத்துக்கும் சொன்னேன்" என்றார். யாரும் அவரிடம் அதற்குமுன் எதையும் கேட்டதில்லை. நானும்தான்.

ஒளிபரப்பு சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு. புதன்கிழமை மாமாவுக்கு மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர். மூவாரில் மருத்துவமனையில் சேர்த்தோம். வார்டில் தொலைக்காட்சி இல்லை. "எடுத்து வச்சிருப்பா, வந்து பாத்துக்கறேன்" என்றார். அக்கா துணைக்குப் போனாள். போகுமுன் எனக்கு நெத்திலிச் சம்பல் செய்து மூடி வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை இரவு, அக்கா வீட்டில், பத்து மணிக்குப் பதிவு தொடங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது. முதலில் அதையேதான் பார்த்தேன். தோட்டத்துச் செம்மண் பாதை வந்தது. முனியாண்டி கோயில் வந்தது. ஒரு பாட்டி பேசினார். பத்து மணிக்கே இங்கிலாந்துப் பந்தாட்டமும் தொடங்கியிருந்தது. ஏழு நிமிடம் போனதும், பதிவாகிறதே, மாமா வந்த பிறகு சேர்ந்து பார்க்கலாம் என்று சேனலை மாற்றினேன்.

சற்று நேரத்தில் திரையில் ஒரு செய்தி வந்தது.

அதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசை. கவனித்தேன். படித்தேன். பதிவுக்குச் சிக்னல் இல்லை என்றது. அந்த ஒரு கணத்தில் எல்லாமே புரிந்துவிட்டது. பையன் சொல்ல வந்தது, ஐந்து ரிங்கிட் ஸ்பிளிட்டர், கறுப்பாகிப்போன நாடகம், எல்லாம். என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்தது. பழைய சேனலுக்குத் திரும்பினால் போதும். பதிவு தொடரும். ஒரு நிமிடம்தான் போயிருக்கும்.

நான் திரும்பவில்லை. பந்து கோல் பக்கம் போய்க்கொண்டிருந்தது, இதோ இந்த ஒன்றைப் பார்த்துவிட்டு என்று நினைத்தேன். அது ஒரு காரணம். சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு. சேனலைத் திருப்பினால் பையன் சொன்னது சரி என்று ஆகிவிடும். வீட்டில் யாரும் இல்லை. என்னைப் பார்க்க ஒரு ஆள் இல்லை. அப்போதும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. செய்தியை அழுத்தித் திரையைவிட்டு விரட்டினேன். தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தானாகச் சரியாகாது என்று தெரிந்த ஆள் அந்த ஊரில் நான்தான். நிகழ்ச்சி பத்தரைக்கு முடிந்தது. இடைவேளை விசில் ஊதும்வரை, பத்தே முக்கால்வரை, பந்து பார்த்தேன்.

பிறகு பதிவைப் போட்டுப் பார்த்தேன். ஏழு நிமிடம் படம். அப்புறம் கட்டம் கட்டமாக உடைந்து கறுப்பு. இருபத்துமூன்று நிமிடம். மாமா அந்தக் கறுப்புக்குள் இருந்தார்.

அன்று சாயங்காலம் லேடாங் மலைமேல் மேகம் கறுத்து நின்றது. மழை வரவில்லை. கொடியில் அக்கா காயப்போட்டிருந்த மாமாவின் கைலி இரவு பதினொரு மணிக்கும் மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. நான்தான் எடுத்து மடித்து வைத்தேன்.

திங்கட்கிழமை மாமா வந்தார். அன்று இரவு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார். அவர் சட்டை போட்டுக்கொண்டதை என்னால் மறக்க முடியவில்லை. ஏழு நிமிடம் ஓடியது. பாட்டியைப் பார்த்து, "அட, இது நம்ம கீழ் லயத்து..." என்று சொல்ல ஆரம்பித்தார். திரை கறுத்தது.

அவர்கள் வாய் திறக்கும்முன் நானே சொன்னேன். "மழை, மாமா. பத்து மணிக்கு மேல பிடிச்சுக் கொட்டுச்சு."

எங்கள் நாட்டில் இதைவிட வசதியான பொய் கிடையாது. துணைக்கோளிலிருந்து வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கனத்த மழை அதை விழுங்கிவிடும். மழை வந்தால் படம் போகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மாமாவும் கேட்கவில்லை. "மழைக்கு யாரு என்னப்பா பண்ண முடியும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

"மறுபடி போடுவாங்களாடா?" என்று அக்கா கேட்டாள்.

"போடமாட்டாங்க. ஒரு தடவதான்" என்றேன்.

நான் யாரையும் விசாரிக்கவில்லை. அந்தப் பேச்சு முடிய வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. நீண்டால் பக்கத்து வீட்டு அம்மா, "சனிக்கிழமை மழையே இல்லையே" என்று சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். முதல் பொய் கர்வத்தில் வந்தது. இது பயத்தில் வந்தது. எது மோசம் என்று கேட்டால், இரண்டாவது என்பேன்.

இரண்டு வாரம் கழித்து, பழைய தோட்டத்து ஆள் ஒருவர் பழுதான காற்றாடியோடு கடைக்கு வந்தார். "உன் மாமாவ டிவியில பாத்தேன்யா. சனிக்கிழமை போட்டத அடுத்த புதன்கிழமை மத்தியானம் மறுபடி போட்டாங்க. விரல நீட்டி, கத்திய இப்படிப் பிடிக்கணும், பட்டைக்கு நோகாம இழுக்கணும்னு காட்டினாரு. அருமையாப் பேசினாரு" என்றார்.

புதன்கிழமை. மாமா கறுத்த திரையைப் பார்த்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சுத்திகரிப்பு இல்லாத நாள். அவர் வீட்டில்தான் இருந்தார், அந்தப் பெட்டிக்கு முன்னால். ஒரு தொலைபேசி அழைப்பில் நான் அறிந்திருக்க முடியும். ரிமோட்டில் நான்கைந்து எண் தள்ளி அவரே பேசிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாது.

காற்றாடிக்குக் காசு வாங்கவில்லை. அவர் காரணம் கேட்டார். சொல்லவில்லை. அந்த வாரமே இரட்டை எல்.என்.பி. வாங்கி, சீலிங்கில் ஓட்டை போட்டு, இரண்டாவது வயரை நானே இழுத்தேன். இரண்டு மணி நேர வேலை. "இனிமே சிக்னல் நல்லா வரும்" என்று சொன்னேன். அக்கா எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, "எனக்காக எவ்வளவு பாடுபடுறான் பாருங்க" என்று மாமாவிடம் சொன்னாள். அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன்.

மாமா 2012 பிப்ரவரியில் இறந்தார். தம் முகத்தைத் திரையில் அவர் பார்க்கவே இல்லை. கருமாதிக்கு வந்த உறவுக்காரர்களுக்கு அக்கா அந்த ஏழு நிமிடத்தைப் போட்டுக் காட்டினாள். படம் கறுக்கும் இடத்தில், "இதுக்கப்புறம்தான் அவரு வருவாரு. மழை கெடுத்திருச்சு" என்றாள். பிறகு ஒவ்வொரு வருடத் திதிக்கும் போட்டாள். ஒவ்வொரு முறையும் அதையே சொன்னாள். ஒவ்வொரு முறையும் நான் அங்கே இருந்தேன்.

2016இல் பெட்டி செத்தது. புதுப் பெட்டி வந்தது. பழைய பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த ஏழு நிமிஷத்த மட்டும் எடுத்துத் தாடா" என்றாள். எடுக்க முடியாது என்று வாங்கிய அன்றே எனக்குத் தெரியும் என்பதை அப்போதும் சொல்லவில்லை. அவள் அந்தப் பெட்டியைத் துணி சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

போன மாதம் அவளிடம் சொன்னேன். பேரப்பிள்ளையிடம் அவள் அந்த மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட பிறகு சொன்னேன். மழை எப்படி மலைப்பக்கமிருந்து வந்தது, எப்படிக் கொட்டியது என்றெல்லாம் சொன்னாள். அதில் ஒரு சொல்கூட நான் கொடுத்தது இல்லை. நான் கொடுத்தது "பிடிச்சுக் கொட்டுச்சு" என்ற ஒன்றுதான். மீதி மழையை அவளே வருடக்கணக்கில் சேர்த்திருக்கிறாள்.

பிள்ளை வெளியே போன பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பையனை, ஸ்பிளிட்டரை, திரையில் வந்த செய்தியை, நான் படித்ததை, புதன்கிழமை மத்தியானத்தை. அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். காலை எடுத்து மெஷினை நிறுத்தினாள். நான் முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"அன்னைக்கு மழை பேஞ்சுச்சுடா" என்றாள். "ஆஸ்பத்திரி ஜன்னல் ஓரம் நின்னுக்கிட்டு இருந்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

மறுபடி சொன்னேன். காய்ந்து கிடந்த கைலியைச் சொன்னேன். கேட்டாள். பிறகு துணியை ஊசிக்கு அடியில் சரியாக வைத்து மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

மூவாரில் அன்று மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது. தங்காக்கில் பெய்யவில்லை.